ஒரு முற்றுப்புள்ளியும் சித்தப்பாவின் கோபமும்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், இந்த மழையிலும் குடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் தலைப்பை ‘இணையம் ஆங்கில இலக்கணத்தைக் கெடுக்கிறதா?’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கேள்விக்குறி இருக்கிறது, ஆனால் பதிலை நீங்கள் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட மாதிரி தெரிகிறது. முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவனைக் கூப்பிட்டால், ‘எல்லாம் நாசமாய்ப் போச்சு’ என்று ஒரு மணி நேரம் புலம்புவான், நாமும் தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்திருப்பீர்கள். டீ உண்டு என்று நூலகர் சொல்லிவிட்டார். புலம்பல் கொஞ்சம்தான் இருக்கும்.

என் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். என் அண்ணன் மகன் கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவன் குழந்தைக்குக் காதுகுத்து. தேதி, கோயில், மண்டபம், எந்தப் பேருந்தில் வரவேண்டும் என்பதெல்லாம் எழுதி, இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் வாட்ஸாப் அனுப்பியிருந்தான். நான் பதிலுக்கு ஒரே ஒரு சொல் அடித்தேன்: ‘நோட்டட்’. அடித்துவிட்டு, பழக்கதோஷம், ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தேன். பத்து நிமிஷத்தில் போன்.

“சித்தப்பா, எங்க மேல கோபமா? நேர்ல வந்து சொல்லலைன்னு வருத்தமா?”

“ஏன்டா அப்படிக் கேக்கறே?”

“நோட்டட்னு போட்டுப் புள்ளி வெச்சிருக்கீங்களே.”

முப்பத்திரண்டு வருடம் எத்தனையோ விடைத்தாள்களில், வாக்கியத்தின் முடிவில் புள்ளி இல்லாததற்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டவன் நான். இப்போது புள்ளி வைத்ததற்காக விசாரிக்கப்படுகிறேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம், இந்தப் பையன் சொல்வது சரிதானா என்று தேடிப் பார்த்தேன். சரிதான். அமெரிக்காவில் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதை ஓர் ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். 126 மாணவர்களிடம் சின்னச் சின்ன உரையாடல்களைக் காட்டினார்கள். ஒருவர் எங்கேயோ வரும்படி அழைக்கிறார், மற்றவர் ஒற்றைச் சொல்லில் சம்மதிக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பின் புள்ளி இருந்தால், அந்தச் சம்மதத்தில் அவ்வளவு மனசில்லை என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டாகக் காட்டியபோது புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தப் பிள்ளைகள் புள்ளியை மறந்துவிடவில்லை. காகிதத்தில் அது வெறும் புள்ளி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போனில் என்ன நடக்கிறது? ஒரு வரி அடித்து அனுப்பினாலே வாக்கியம் முடிந்துவிட்டது. அந்தச் சின்னக் கட்டமே முற்றுப்புள்ளியின் வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு மேலும் ஒருவர் மெனக்கெட்டுப் புள்ளி வைத்தால், ஏதோ காரணம் இருக்க வேண்டும் அல்லவா? வேலை போன புள்ளிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது: முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வேலை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போது ‘வர்றேன்’ என்று இழுத்துச் சொல்வதற்கும் ‘வரேன்’ என்று வெட்டிச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். அந்த வெட்டு இப்போது எழுத்தில் ஏறியிருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். இணையம் ஆங்கிலத்தின் எலும்பை அதிகம் தொடவில்லை. அதன் தொண்டையை மாற்றியிருக்கிறது. எழுத்துக்குக் குரல் வந்திருக்கிறது.

ஆனால் புகார் என்னவோ எப்போதும் எலும்பைப் பற்றித்தான். ‘யூ’ என்ற சொல்லுக்கு ஒற்றை எழுத்து, ‘டூ’ என்பதற்கு இரண்டு என்ற எண், உயிரெழுத்துகளே இல்லாத சொற்கள். 2007இல் ஜான் ஹம்ஃப்ரிஸ் என்ற புகழ்பெற்ற பிபிசி ஒலிபரப்பாளர், குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களைச் செங்கிஸ்கானின் படையோடு ஒப்பிட்டுப் பத்திரிகையில் ஒரு கட்டுரையே எழுதினார். ஆங்கிலத்தைச் சூறையாட வந்தவர்களாம். படித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் மனசில் இருப்பதை ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டாரே என்று.

இதே கோபத்தை அவருக்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் முன்னால் ஒருவர் பட்டிருக்கிறார். கல்லிவரின் யாத்திரை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட். 1710இல் டாட்லர் என்ற பத்திரிகையில், இந்தக் காலத்து நாகரிக இளைஞர்கள் சொற்களின் வாலை வெட்டிவிடுகிறார்கள் என்று எரிந்து விழுந்தார். லத்தீனில் நீளமாக இருந்த ஒரு தொடரை ‘மாப்’ என்று ஒரே அசையாக்கிவிட்டார்களே, பல வருடம் போராடியும் கூட்டத்தின் பலத்துக்கு முன்னால் தோற்றுவிட்டேனே என்று வருத்தப்பட்டார். இன்றைக்கு ‘மாப்’ என்பது நீதிமன்றத் தீர்ப்பில் வருகிற சொல். ஸ்விஃப்ட் வெறுத்த சொல் அது என்பதே யாருக்கும் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. ‘ஓ மை காட்’ என்பதை ஓஎம்ஜி என்று மூன்று எழுத்தாகச் சுருக்கியது போன் தலைமுறை என்றுதானே நினைக்கிறோம்? முதலாம் உலகப் போரின் நடுவில், 1917 செப்டம்பரில், பிரிட்டிஷ் கடற்படையின் பழைய தளபதி ஃபிஷர் பிரபு, வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் இந்த மூன்று எழுத்தைப் போட்டு, பக்கத்திலேயே விரிவும் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011இல் இந்தச் சுருக்கத்தைச் சேர்த்துக்கொண்டபோது மேற்கோளாக அந்தத் தளபதியின் கடிதமும் உள்ளே போயிற்று.

நம் ஊருக்கு வருவோம். இங்கே என் வயதுக்காரர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். நாம் முதன்முதலில் பார்த்த உயிருள்ள ஆங்கிலம் எது? தந்தி. ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் இருக்க வேண்டிய வினைச்சொல் இல்லை, யாருடைய அப்பா என்று இல்லை, புள்ளி இல்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. தெருவில் தந்திக்காரரின் சைக்கிள் நின்றாலே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நான்கு சொல்லில் இலக்கணம் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? அதைவிட, கல்யாண வாழ்த்துத் தந்தி நினைவிருக்கிறதா? தபால் ஆபீஸில் வாழ்த்துகளின் பட்டியல் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நீங்கள் எண்ணை மட்டும் எழுதிக்கொடுத்தால் போதும், அங்கே முழு வாழ்த்தாகப் போய்ச் சேரும். இன்று பேரன் பேத்திகள் எமோஜி அனுப்புகிறார்கள் என்று சலித்துக்கொள்கிற நாம், பொண்ணு மாப்பிள்ளையை எண்ணால் வாழ்த்திய தலைமுறை. அந்தத் தந்திச் சேவையை 2013 ஜூலையில் நிறுத்தியபோது எல்லோரும் கண்கலங்கிக் கட்டுரை எழுதினார்கள். அது ஆங்கிலத்தைக் கெடுத்தது என்று ஒருவர்கூட எழுதியதாக நினைவில்லை.

சரி, சுருக்கெழுத்து உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது? கனடாவின் டொரான்டோவில் சாலி டாக்லியமான்டே என்ற மொழியியலாளரும் அவருடைய மாணவர் டெரெக் டெனிஸும் பதின்வயதுப் பிள்ளைகளின் கணினி அரட்டையைச் சேகரித்தார்கள். பத்து லட்சம் சொற்களுக்கு மேல். 2008இல் முடிவை வெளியிட்டார்கள். நாம் பயப்படுகிற சுருக்கங்கள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மிச்சமெல்லாம் சாதாரண ஆங்கிலம். அதிலும் வயது ஏற ஏற ‘எல்-ஓ-எல்’ போன்றவை குறைந்துகொண்டே போகின்றன. மீசை முளைத்ததும் கோலி விளையாட்டை விடுவது மாதிரி.

இங்கிலாந்தில் கவன்ட்ரி பல்கலைக்கழகத்தில் பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் என்ற இருவரும் சகாக்களும் பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2009இல் வந்த கட்டுரை. செய்தியில் சுருக்கெழுத்து அதிகம் போடுகிற பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கி இருப்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர்கள் நன்றாகவே வாசித்தார்கள். யோசித்தால் காரணம் புரியும். ‘கிரேட்’ என்ற சொல்லின் பின்பாதியும் எட்டு என்ற எண்ணின் ஆங்கில ஒலியும் ஒன்று என்று காதால் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குத்தான் அப்படிச் சுருக்க வரும். ஒலி தெரியாதவனுக்குச் சுருக்கத் தெரியாது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். விடைத்தாள் திருத்திய வருடங்களில் குறுஞ்செய்தி ஆங்கிலத்தை நான் பார்த்தது மிகக் குறைவு. நான் பார்த்தது நோட்ஸ் ஆங்கிலம். நாற்பது பேர் ஒரே வாக்கியத்தை, ஒரே பிழையோடு, அதே இடத்தில் எழுதியிருப்பார்கள். ஷேக்ஸ்பியரைப் பற்றிய கேள்விக்கு மில்டனைப் பற்றிய பத்தி வரும். மனப்பாடம் அங்கே மாறிவிட்டிருக்கும். போன் வருவதற்கு முன்னாலேயே நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தை நாம்தான் கெடுத்துவைத்திருந்தோம். பழியை இறக்கிவைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. போன் வாகாக வந்து சேர்ந்தது.

அப்படியானால் இலக்கணத்தில் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது, ஆனால் நாம் பார்க்காத இடத்தில். அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் என்று ஒன்று வருடா வருடம் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும். 2013க்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது புதுச் சொல்லே அல்ல, ‘பிகாஸ்’. நாம் படித்த இலக்கணப்படி அதற்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் வரவேண்டும், இல்லையென்றால் ‘ஆஃப்’ வரவேண்டும். இணையத்தில் என்ன செய்தார்கள்? ‘லேட் டுடே, பிகாஸ் ரெயின்’. அவ்வளவுதான். பெயர்ச்சொல் நேராக வந்து ஒட்டிக்கொண்டது. இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். ‘மழை பெய்ததால் தாமதம்’ என்றால் காரணம் சொல்கிறீர்கள். ‘தாமதம், ஏன்னா, மழை’ என்றால் காரணத்தோடு ஒரு தோள்குலுக்கலும் சேர்ந்து வருகிறது: உனக்குத்தான் தெரியுமே, இதற்கு மேல் என்ன விளக்குவது என்று. இங்கேயும் பாருங்கள், இலக்கணம் அசைந்ததே தொனிக்காகத்தான்.

அதே கழகம் 2015க்கு ‘தே’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் என்ற பன்மையை ஒரே ஆளைக் குறிக்கப் பயன்படுத்துவது. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் இதையே ஆண்டின் சொல்லாக்கியது. ஆள் யாரென்று தெரியாத இடத்தில் இந்த ஒருமைத் ‘தே’ ஷேக்ஸ்பியரிடமும் ஜேன் ஆஸ்டினிடமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளி இலக்கணங்கள்தான் அதைத் தடுத்து வைத்தன. இப்போது தன்னை ஆண் என்றோ பெண் என்றோ குறிக்க விரும்பாதவருக்கும் இந்தச் சொல் வந்துவிட்டது. அதற்கான பெரிய காரணம் சமூகத்தில் இருக்கிறது. ஆனால் இயந்திரத்துக்கும் இதில் ஒரு சின்னப் பங்குண்டு. ஃபேஸ்புக் ஆரம்ப வருடங்களில், பயனாளி ஆணா பெண்ணா என்று சொல்லாமல் விட்டால், இன்னார் ‘தெம்செல்ஃப்’ படத்தில் குறித்துக்கொண்டார் என்று தானாகவே வாக்கியம் எழுதும். ‘தெம்’ பன்மை, ‘செல்ஃப்’ ஒருமை. எந்த வகுப்பிலும் நான் மதிப்பெண் தந்திருக்க மாட்டேன். கோடிக்கணக்கான பேர் அதைத் தினமும் படித்தார்கள்.

ஒருவரைப் பன்மையில் சொல்வது தமிழனுக்கு என்ன அதிர்ச்சி? ‘அவர்’ என்பது நம் இலக்கணத்தில் பலர்பால். மரியாதைக்காக ஒருவருக்குப் போட்டோம். அப்புறம் உண்மையான பன்மைக்குச் சொல் இல்லாமல் ‘அவர்கள்’ என்று இன்னொரு விகுதியை ஒட்டினோம். பிறகு அதையும் மரியாதைக்கு எடுத்துக்கொண்டு, நான் இப்போதுதான் செய்தேனே, ‘தலைவர் அவர்கள்’ என்கிறோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இதை எவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறார் பாருங்கள்: ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உண்டான உயர்வுச் சொல், இலக்கண நெறிப்படி அமைந்தது அல்ல என்கிறார். தப்பு என்று அடிக்கவும் இல்லை, சரி என்று சான்றிதழ் கொடுக்கவும் இல்லை. மக்கள் இப்படிப் பேசுகிறார்கள், இலக்கணம் அப்படி இருக்கிறது, இரண்டையும் தெரிந்துகொள் என்று நகர்ந்துவிடுகிறார். இந்த இடத்தில், மொழி மாறுவது இயல்பு என்கிற நன்னூலின் அந்தப் புகழ்பெற்ற சூத்திரத்தை நான் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சொல்லப் போவதில்லை. மேடையில் கஷ்டமான கேள்வி வந்தால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது ரொம்பப் பேருக்கு வழக்கமாகிவிட்டது.

தொண்டை மாறியது என்றேன். அதற்கு நல்ல சாட்சி அந்த ‘எல்-ஓ-எல்’தான். ‘லாஃபிங் அவுட் லவுட்’, வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்று விரிவு. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் இதை ‘லாட்ஸ் ஆஃப் லவ்’, அன்புடன் என்று நினைத்துக்கொண்டு ஒரு பத்திரிகை நிர்வாகிக்கு அனுப்பும் செய்திகளின் அடியில் கையெழுத்துப் போல இதைப் போட்டுவந்தாராம். 2012இல் லெவெசன் விசாரணைக் குழுவின் முன்னால் அந்த நிர்வாகியே சொன்ன செய்தி இது. பிரதமருக்கே தெரியாதபோது நமக்கென்ன.

ஆனால் உண்மையில் யாரும் சிரித்துக்கொண்டு அதைப் போடுவதில்லை. ‘இப்பதான் வேலை முடிஞ்சுது எல்-ஓ-எல்’ என்பார்கள். அதில் என்ன சிரிப்பு? ஜான் மெக்வோர்டர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 2013இல் ஒரு மேடையில் இதை விளக்கினார். அது பொருள் தருகிற சொல்லாக இருப்பதை விட்டுவிட்டது. நாம் ஒரே மனநிலையில்தான் இருக்கிறோம் என்று காட்டுகிற ஒட்டுச்சொல் ஆகிவிட்டது என்றார். இதைத் தன் சபைக்குப் புரியவைக்க அவர் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: இடைச்சொல். தனியாக நிற்காது, தனக்கென்று பொருள் கிடையாது, ஆனால் அது இல்லாவிட்டால் வாக்கியத்தின் சுவை போய்விடும். தொல்காப்பியத்தில் இடைச்சொல்லுக்கு ஓர் இயலே உண்டு. அசைநிலைச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லியிருக்கிறது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானே’ என்பதற்கும், ‘சாப்பிடு’ என்பதற்கும் ‘சாப்பிடேன்’ என்பதற்கும் நடுவில் இருப்பது அகராதியில் அகப்படாது. ஆங்கிலம் இந்த வேலையை முக்கால்வாசி குரலின் ஏற்ற இறக்கத்தில் செய்துகொண்டிருந்தது. போனில் குரல் இல்லை. ஆகவே கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து ‘ஏ’காரமும் ‘ஓ’காரமும் செய்துகொண்டார்கள்: ஒரு சுருக்கம், மூன்று புள்ளி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்துக் கத்துவது, வேண்டுமென்றே சிறிய எழுத்திலேயே எழுதி மெல்லப் பேசுவது, ஒரு மஞ்சள் முகம்.

அந்த மஞ்சள் முகத்தின் முப்பாட்டன் பிறந்த கதையும் இதுதான். 1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி வழியாகச் செய்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது என்று இயற்பியல் புதிரை வைத்து ஒரு நகைச்சுவை எழுதப்போக, அதை நிஜ எச்சரிக்கை என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். இனி வேடிக்கைக்குச் சொன்னால் ஓர் அடையாளம் போடலாம் என்று பேச்சு வந்தது. ஸ்காட் ஃபால்மன் என்ற ஆசிரியர் செப்டம்பர் 19 அன்று முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் பக்கவாட்டில் சாய்த்து ஒரு சிரித்த முகம் போட்டுக் காட்டினார். தொனி தெரியாததால் வந்த ஒரு சின்னக் கலவரம், அதற்கு ஒரு மருந்து. அவ்வளவு சாதாரணமாகத்தான் தொடங்கியது.

இந்த விளையாட்டுக்கு விலையும் உண்டு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு தானிய நிறுவனம், 2021 மார்ச்சில் ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயியின் போனுக்கு அனுப்பி, உறுதிசெய்யும்படி கேட்டது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் எமோஜியை அனுப்பினார். அறுவடைக்குள் விலை ஏறிவிட்டது, விதை வந்து சேரவில்லை. வழக்கு. ‘செய்தி கிடைத்தது என்ற அர்த்தத்தில்தான் போட்டேன்’ என்றார் விவசாயி. ஆனால் முந்தைய ஒப்பந்தங்களையும் அவர் ‘யப்’, ‘ஓகே’ என்று போனிலேயே ஒற்றைச் சொல்லில் உறுதிசெய்திருந்தார். அந்தக் கட்டைவிரலும் கையெழுத்துத்தான் என்று 2023இல் நீதிபதி தீர்ப்பளித்தார். 82,000 கனடா டாலருக்கு மேல் நஷ்டஈடு. நம் ஊரில் கைநாட்டு வைப்பதைக் கேவலமாகச் சொல்வோம். அங்கே கட்டைவிரல் படமே கைநாட்டாகிவிட்டது.

இதுவரை நான் இணையத்துக்கு வக்கீலாகப் பேசினேன். இனி என் கவலை.

ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் இங்கிலாந்தில், ஆங்கிலத்தின் உடைமைக்குறியைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார். சொல்லின் மேல் தொங்குமே, அந்தச் சின்னக் கொக்கி. கடைப் பலகைகளில் அது தப்பான இடத்தில் தொங்கினால் பணிவாகக் கடிதம் எழுதுவார். 2019இல், தொண்ணூற்றாறு வயதில், அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று அறிவித்துச் சங்கத்தை மூடினார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் அவர் பார்த்த எதிரி நிஜ எதிரியா என்பதில் சந்தேகம். அந்தக் கொக்கி போனது மனிதர்களின் சோம்பலால் மட்டுமா? போனில் கொக்கியைத் தேட இன்னொரு பக்கத்து விசைக்குப் போகவேண்டும். தேவையான இடத்தில் போனே போட்டுவிடுகிறது, சமயத்தில் தேவையில்லாத இடத்திலும். சரியா தப்பா என்று முடிவெடுக்கும் வேலையே நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் பிழையைத் தானாகத் திருத்தும் வசதியை உருவாக்கிய டீன் ஹச்சமோவிச், ஆரம்பத்தில் செய்தது மிகச் சின்ன உதவி: ‘த’ என்ற ஆங்கிலச் சொல்லை அவசரத்தில் எழுத்து மாற்றி அடித்தால் சரிசெய்வது. அதிலிருந்து எங்கே வந்திருக்கிறோம்? நாம் படித்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு. ‘கலர்’, ‘ஹானர்’ இரண்டிலும் ஒரு ‘யூ’ உண்டு. உங்கள் கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் அமைந்திருந்தால் அதன்கீழ் சிவப்புப் புழு நெளியும். மாணவன் பயந்து ‘யூ’வை எடுத்துவிடுவான். அமெரிக்க எழுத்துக்கூட்டு வேண்டும் என்று நோவா வெப்ஸ்டர் ஒரு கொள்கையோடு வாதாடி 1828இல் அகராதியே போட்டார். நாம் எந்த வாதமும் கேட்காமல், யாரோ மாற்றாமல் விட்ட ஓர் அமைப்புக்காக, நம் எழுத்துக்கூட்டை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கும் ஒரு படி மேலே ஒன்று. தகுதி வழக்கு மூன்று என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி, செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கலம். இணையத்துச் சொற்களில் பாதியை இந்த மூன்று அறைக்குள்ளேயே அடுக்கிவிடலாம். இப்போது ‘அன்அலைவ்’ என்று ஒரு சொல். உயிர்நீக்கம் என்ற மாதிரி. கொலை, தற்கொலை என்ற சொற்களைப் போட்டால் காணொளித் தளங்கள் தங்கள் பதிவை யார் கண்ணிலும் படாமல் கீழே தள்ளிவிடும் என்று பயந்து இளைஞர்கள் உண்டாக்கிக்கொண்டது. 2024இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து பாப் கலாசார அருங்காட்சியகத்தில், பாடகர் கர்ட் கோபேன் இறந்ததைப் பற்றிய குறிப்புப் பலகையிலேயே இந்தச் சொல் ஏறிவிட்டது. பார்வையாளர்கள் சத்தம் போட்ட பிறகு மாற்றினார்கள். பார்ப்பதற்கு மங்கல வழக்கு மாதிரி இருக்கிறது. ஆனால் துஞ்சினார் என்று சொன்னவன் துக்க வீட்டில் இருப்பவர்களின் மனசை நினைத்துச் சொன்னான். இது ஒரு கணக்குப்பொறிக்குப் பயந்து சொன்னது. ஸ்விஃப்ட்டைத் தோற்கடித்தது கூட்டம். கூட்டத்திடம் தோற்பதில் ஓர் அவமானமும் இல்லை, மொழி அவர்களுடையது. இப்போது அந்தக் கூட்டமே யாருக்கோ பயந்து சொல்லை மாற்றுகிறது. என் புலம்பல் இவ்வளவுதான். முன்னாலேயே கொஞ்சம் என்று சொல்லியிருந்தேன்.

கடைசியாக நம் பிள்ளைகள். 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இரட்டை வழக்கு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரே மொழிக்கு வீட்டுக்கு ஒரு உடை, சபைக்கு ஒரு உடை. அரபி, கிரேக்கம், ஸ்விஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் என்று நான்கை விரிவாக எடுத்துக்கொண்டார். அந்த நான்கில் தமிழ் இல்லை, இருந்திருக்க வேண்டும். ‘இருக்கிறது’ என்று எழுதிக்கொண்டே ‘இருக்கு’ என்று பேசுகிற நமக்கு இதை யாரும் கற்றுத்தரவில்லை. மூன்று வயதுக் குழந்தைகூட செய்தி வாசிக்கிறவர் மாதிரி நடித்துக் காட்டும்போது ‘வணக்கம், செய்திகள் வாசிப்பது’ என்று சரியான வழக்குக்கு மாறிவிடும். ஆங்கிலத்தில் இந்த இடைவெளி இவ்வளவு இருந்ததில்லை. பேச்சை அப்படியே எழுதுகிற வழக்கு நாடகத்திலும் நாவலிலும் தனிக் கடிதத்திலும் ஒதுங்கி இருந்தது. இணையம் அதை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டது. சுருக்கமாக, ஆங்கிலம் இப்போதுதான் தமிழ் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது.

அதனால் நம் பிள்ளைகளுக்கு இது எளிதாக இருக்க வேண்டும். ஏன் இல்லை? நாம் அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே உடையைத்தான் கொடுத்தோம், அதுவும் இரவல் உடை. விடுப்புக் கடிதத்தில் வரும் ‘ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. நானும் அப்படித்தான் எழுதினேன், என் அப்பாவும் அப்படித்தான் எழுதினார், இன்றைக்குப் பையன் அதையே எழுதுகிறான். வேலைக்குப் போனதும் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்ற கோட்டை மேலே மாட்டிக்கொள்கிறான். அந்தக் கோட்டோடு நண்பனின் வாட்ஸாப் குழுவுக்குப் போனால் சிரிக்கிறார்கள். குழுவில் போட்ட லுங்கியோடு மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினால் வேலைக்கு ஆபத்து. எந்த உடை தப்பு என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எங்கே எதை உடுத்துவது என்று நாம் சொல்லித்தரவே இல்லை என்பது மட்டும் தெரியும்.

இங்கே பள்ளி ஆசிரியர்கள் சிலர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் ஒரு பாடவேளையை எனக்காக ஒதுக்குங்கள். நாளைக்கு வர முடியாது, காய்ச்சல் என்ற ஒரே விஷயத்தை ஒவ்வொரு பிள்ளையும் ஆங்கிலத்தில் மூன்று பேருக்கு எழுதட்டும்: தலைமையாசிரியருக்கு ஒன்று, பக்கத்து பெஞ்சுத் தோழனுக்கு ஒன்று, ஊரிலிருந்து நாளைக்கு வரப்போகிற அத்தைக்கு ஒன்று. சிவப்பு மையைத் தொடாதீர்கள். எழுதி முடித்ததும், எதில் புள்ளி வைத்தாய், எதில் வைக்கவில்லை, ஏன் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்கிற காரணங்களைக் குறித்துவைத்து, முடிந்தால் நூலகர் மூலமாக எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

காதுகுத்துக்கு நான் இரண்டு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன்.